டைட்டில் மியூசிக்கிலிருந்து தொடங்குங்கள்

நான் வேலை பார்க்கும் கேர் ஹோமில் ஒரு பாட்டி இருந்தார். வயது 86. மறதி நோய் முற்றி, பேச்சு அநேகமாக நின்றுபோயிருந்தது. ஒரு சாயங்காலம் அவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். பொது அறை டிவியில் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற நெடுந்தொடர் ஆரம்பித்தது. அதன் டைட்டில் மியூசிக் உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம்: எக்காளம் போன்ற ஒற்றை கார்னெட், இழுத்து இழுத்து, மழை விட்ட தெருவில் யாரோ தனியாக ஊதிக்கொண்டு போவதுபோல இருக்கும். பாட்டி ஸ்பூனைக் கையால் விலக்கினார். கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அம்மாவைக் கூப்பிடு. ஆரம்பிச்சிடுச்சு."

மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அதுதான்.

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நர்ஸாக, கேரராக வந்தவர்கள்; பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் மழையையும் குளிரையும் தாண்டி என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பவர்கள்; வேலையிடத்தில் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் ஒரு மெட்டை முணுமுணுத்துவிட்டுச் சிரிக்கும்போது ஒதுங்கி நின்றவர்கள். இங்கே வராமலே இந்தப் பழைய நிகழ்ச்சிகள் மேல் ஆசை வைத்தவர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

நான் முதலில் நிகழ்ச்சிகளைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். பேச்சு பிடிபடவில்லை. யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. இரண்டே வாரத்தில் விட்டுவிட்டேன். பாட்டியின் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் வரிசையை மாற்றினேன்: முதலில் இசை, நிகழ்ச்சி அப்புறம். இசைக்கு மொழி வேண்டாம், வட்டார உச்சரிப்பு தெரிய வேண்டாம். இந்த ஊர்க்காரர்களுக்கும் நினைவில் முதலில் கிளம்பி வருவது அதுதான்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

கொஞ்சம்தான். பிபிசி 1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. விளம்பரத்தோடு வரும் ஐடிவி 1955 செப்டம்பரில் வந்தது. பிபிசி 2 வந்தது 1964இல், நான்காவது சேனல் 1982இல். அதுவரை நாடு முழுவதற்கும் மூன்றே சேனல். எழுபதுகளின் கடைசி வரை வீட்டில் வீடியோ பதிவு செய்யும் வசதி அநேகமாக யாருக்கும் இல்லை. நேரத்தைத் தவறவிட்டால் போனது போனதுதான்.

ஆகவே அந்த அரை நிமிஷ இசைக்குப் பெரிய வேலை இருந்தது. அடுப்படியில் இருக்கும் அம்மாவையும் மாடியில் இருக்கும் பிள்ளைகளையும் அது முன்னறைக்குக் கூட்டி வர வேண்டும். பழைய வால்வு டிவி பெட்டிகளில் சுவிட்சைப் போட்டால் படம் தெளிவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். ஒரு தலைமுறையே தன் நிகழ்ச்சிகளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் அடையாளம் கண்டது. பாட்டி அம்மாவைக் கூப்பிடச் சொன்னது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' முதன்முதலில் ஒளிபரப்பானது 1960 டிசம்பர் 9 அன்று. அப்போது அவருக்கு இருபத்து சொச்சம் வயது.

முதல் படி: ஐந்து மெட்டுகள், படம் இல்லாமல்

செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். படத்தைப் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடும். ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்டால் போதும். முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை எந்த வாத்தியம் முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். மூன்றாம் முறை கூடவே முணுமுணுங்கள். முணுமுணுக்க வரவில்லை என்றால் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். மறுநாள் மறுபடி கேளுங்கள்.

முதலாவது, மேலே சொன்ன 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'. எரிக் ஸ்பியர் அமைத்தது. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் தெரு ஒன்றின் கதை என்பதால் கார்னெட் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்தவர்கள் தங்களுக்கென்று பித்தளை வாத்தியக் குழுக்கள் வைத்திருந்தார்கள். அந்தச் சத்தம் அவர்கள் ஊர்ச் சத்தம்.

இரண்டாவது 'மிஸ்டர் பீன்'. இது உங்களுக்கு முன்பே தெரியும். 1990 ஜனவரி 1 அன்று முதல் நிகழ்ச்சி வந்தது. வானத்திலிருந்து விழும் வெளிச்ச வட்டத்துக்குள் மனிதர் தொப்பென்று விழுவார், பின்னணியில் தேவாலயப் பாடகர் குழு கம்பீரமாகப் பாடும். ஹோவர்ட் குடால் அமைத்தது. பாடுவது லத்தீன் மொழியில்: 'எக்கே ஹோமோ குயி எஸ்ட் ஃபாபா'. 'இதோ பாருங்கள், அவரைக்கொட்டையான மனிதன்' என்று அர்த்தம் சொல்லலாம். பீன் என்ற பெயரைத்தான் அப்படி லத்தீனாக்கியிருக்கிறார். சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருப்போம், ஏதோ தெய்வப் பாட்டு என்று நினைத்திருப்போம்.

மூன்றாவது 'டாட்ஸ் ஆர்மி', அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான்காவது 'மேட்ச் ஆஃப் த டே'. கால்பந்து ரசிகர் வீட்டில் சனிக்கிழமை இரவை அறிவிக்கும் இசை இந்த நான்காவது. பேரி ஸ்டோலர் அமைத்தது, 1970இலிருந்து அதுதான் ஒலிக்கிறது. உங்களுக்குக் கால்பந்தைவிடக் கிரிக்கெட் பிடிக்குமென்றால் அதற்குப் பதில் 'சோல் லிம்போ' கேளுங்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸைச் சேர்ந்த புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் குழு வாசித்தது, கரீபியன் துள்ளல் நிறைந்தது. பிபிசி டிவியின் கிரிக்கெட் இசையாக இருந்து, பிறகு ரேடியோவின் 'டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்' நிகழ்ச்சிக்குப் போனது. அந்த மெட்டைக் கேட்டதும் கோடைக்காலம் வந்துவிட்டதாக உணர்கிறவர்கள் இங்கே ஏராளம்.

ஐந்தாவதுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

'டாக்டர் ஹூ': இதை மெதுவாகக் கேளுங்கள்

1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. முந்தின நாள்தான் அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டிருந்தார். அந்தக் கலக்கத்துக்கு நடுவே பிபிசியில் 'டாக்டர் ஹூ' என்ற காலப் பயண அறிவியல் தொடர் முதன்முறையாக வந்தது. அதுவரை எந்த வீட்டு முன்னறையிலும் கேட்டிராத சத்தம். கீழே குதிரைக் குளம்படிபோல ஒரு தாளம், மேலே காற்றில் வழுக்கிப் போகும் ஓர் ஊளை. சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தோம் என்று அறுபது, எழுபது வயதுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அரக்கர்களுக்குப் பயந்ததைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். விசாரித்தால் பலரும் அந்த இசை ஆரம்பித்ததுமே ஒளிந்துகொண்டார்களாம்.

மெட்டை எழுதியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ரான் கிரெய்னர். சுருக்கமான ஒரு குறிப்புத்தாளைத்தான் கொடுத்தார். 'காற்று', 'மேகம்' என்கிற மாதிரி சொற்களும் அதில் இருந்தன. அதைச் சத்தமாக்கியவர் டீலியா டெர்பிஷையர். கவென்ட்ரியில் 1937இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் கவென்ட்ரி மேல் குண்டு விழுந்தபோது சின்னக் குழந்தை. அபாயச் சங்கின் ஏற்ற இறக்கம் தன் காதில் தங்கிவிட்டதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் ஓர் இசைப்பதிவு நிறுவனம் பெண்களை ஸ்டூடியோ வேலைக்கு எடுப்பதில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியது. பிபிசியின் 'ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்' அவருக்கு இடம் கொடுத்தது. லண்டன் மெய்டா வேலில் இருந்த அந்தப் பட்டறை, நாடகங்களுக்குப் புதுச் சத்தங்கள் செய்து கொடுக்க 1958இல் தொடங்கப்பட்டது.

சிந்தசைசர் அங்கே கிடையாது. கீபோர்டை அழுத்தினால் நினைத்த மின்னணுச் சத்தமெல்லாம் வரும் காலம் அப்போது பிறக்கவில்லை. கீழே ஓடும் அந்தத் தாளத்துக்கு ஒரே ஒரு கம்பியைச் சுண்டி நாடாவில் பதிந்தார். நாடாவை வேகமாக ஓட்டினால் சுரம் ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகச் செய்து, அந்தச் சுரம் எத்தனை நேரம் ஒலிக்க வேண்டுமோ அத்தனை அங்குலத்துக்கு நாடாவை அளந்து, பிளேடால் வெட்டி, ஒட்டு நாடா போட்டு அடுத்ததோடு சேர்த்தார். மேலே வழுக்கும் ஊளைக்கு, ஆய்வுக்கூடங்களில் சோதனைக்கு வைத்திருக்கும் ஆசிலேட்டர் என்ற ஒலி எழுப்பும் மின்கருவியின் குமிழைக் கையால் திருகினார். பல தடங்களை ஒன்றாகப் பதியும் இயந்திரமும் இல்லாததால், தனித்தனி நாடாக்களைத் தனித்தனி இயந்திரங்களில் மாட்டி ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். ஓரிடத்தில் எங்கோ ஒரு சுரம் பிசகியது. அவரும் உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களை நீண்ட நடைபாதையில் அடுத்தடுத்து விரித்துப் போட்டு, ஒட்டுகள் எந்த இடத்தில் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டே நடந்து, பிழையைக் கண்ணால் கண்டுபிடித்தார்கள்.

நெசவு தெரிந்தவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். பாவு விரித்து அறுந்த இழையைத் தேடுகிற அதே வேலை.

முடித்ததைக் கேட்ட கிரெய்னர் "இதை நானா எழுதினேன்?" என்று கேட்டார். "பெரும்பாலும் நீங்கள்தான்" என்றார் டீலியா. வருமானத்தில் பாதியை அவருக்குத் தர கிரெய்னர் விரும்பினார்; பிபிசியின் அன்றைய விதிகள் அனுமதிக்கவில்லை. பட்டறை ஊழியர்களின் பெயரைத் தனித்தனியாகத் திரையில் போடும் வழக்கமும் இல்லை. டீலியா 2001இல் இறந்தார். அந்த இசைக்காக அவர் பெயர் நிகழ்ச்சியின் திரையில் வந்தது 2013இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். கேட்கும்போது அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

இரண்டாம் படி: உள்ளே ஒளித்து வைத்ததைத் தேடுங்கள்

ஐந்தும் காதில் உட்கார்ந்த பிறகு இது விளையாட்டாகவே நடக்கும்.

'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' என்ற துப்பறியும் தொடர், 1987 முதல் 2000 வரை வந்தது, கதை நடப்பது ஆக்ஸ்ஃபர்டில். பேரிங்டன் ஃபெலூங் அமைத்த அதன் இசையைப் போட்டுவிட்டு மேசையில் விரலால் தட்டுங்கள். நீளம் நீளம். நீளம் நீளம் நீளம். குட்டை நீளம் குட்டை. குட்டை குட்டை குட்டை. குட்டை. தந்தி மொழியில் இது நாயகனின் பெயர்: எம், ஓ, ஆர், எஸ், ஈ. மெட்டுக்கு அடியில் அது விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். சில கதைகளில் கொலைகாரனின் பெயரையே இப்படித் தந்தியாக இசைக்குள் வைத்திருந்தார் ஃபெலூங். நம் ஊர்த் தபால் தந்தி ஆபீஸ் தாத்தா யாராவது அன்று இங்கே இருந்திருந்தால் முதல் காட்சியிலேயே குற்றவாளியைச் சொல்லியிருப்பார்.

'யெஸ் மினிஸ்டர்' அரசியல் நகைச்சுவை, 1980இல் தொடங்கியது. ரானி ஹேசில்ஹர்ஸ்டின் இசையில் நாடாளுமன்றக் கடிகாரமான பிக் பென்னின் மணியோசை மெட்டாகவே நடக்கும். மணிச் சத்தத்தை ஒருமுறை தனியாகக் கேட்டுவிட்டு வந்து கேளுங்கள். 'கவுன்ட்டவுன்' எழுத்து விளையாட்டு இன்னும் ஓடுகிறது; 1982இல் நான்காவது சேனல் பிறந்த அன்று முதலில் வந்த நிகழ்ச்சியே அதுதான். ஆலன் ஹாக்ஷா அமைத்த அதன் கடிகார இசை சரியாக 30 விநாடி. கேர் ஹோம்களில் மத்தியானம் இது ஓடும். உங்களுக்கு வேலை இருந்தாலும் அந்த 30 விநாடி நின்று, முடிவில் வரும் அந்தச் சறுக்கலை எல்லாரோடும் சேர்ந்து வாயால் இசைத்துவிட்டுப் போங்கள்.

மூன்றாம் படி: டிவிக்காகப் பிறக்காத இசை

எல்லா இசையும் நிகழ்ச்சிக்கென்றே எழுதப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 'மான்ட்டி பைத்தன்' நகைச்சுவைக் குழு 1969இல் எடுத்துக்கொண்டது, அமெரிக்கரான சூசா 1893இல் எழுதிய ராணுவ அணிவகுப்பு இசை. அதற்கு உரிமைத் தொகை கட்ட வேண்டியிருக்கவில்லை. 'தி ஸ்கை அட் நைட்' வானியல் நிகழ்ச்சிக்கு ஃபின்லாந்தின் சிபேலியஸ். 1957இலிருந்து 2012இல் இறக்கும் வரை அதைத் தொகுத்து வழங்கியவர் ஒரே ஆள், பேட்ரிக் மூர். 'தி ஒனடின் லைன்' கப்பல் கதைக்கு ஆர்மீனியரான கச்சாத்தூரியனின் பாலே இசை. கார்ப் பந்தயத்துக்கு ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் குழுவின் பாட்டு.

இன்னொரு வகை உண்டு. கேபிஎம், டி வுல்ஃப் போன்ற நிறுவனங்கள் 'பயங்கரம்', 'குதூகலம்', 'தொழிற்சாலை' என்று மனநிலை வாரியாக இசையை முன்கூட்டியே தயார் செய்து இசைத்தட்டாக வைத்திருக்கும். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்வார். ரெடிமேட் சட்டை மாதிரி. 'மாஸ்டர்மைண்ட்' வினாடி வினாவின் இசை அப்படி வந்ததுதான். நீல் ரிச்சர்ட்சன் எழுதியது, 'நெருங்கும் ஆபத்து' என்று பெயர். அந்த நிகழ்ச்சியை உருவாக்கிய பில் ரைட், போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு விசாரிக்கப்பட்டவர். இருட்டு அறை, ஒற்றை நாற்காலி, முகத்தில் அடிக்கும் விளக்கு, கேள்விமேல் கேள்வி எல்லாம் அங்கிருந்து வந்தவை. அலமாரியில் இருந்த இசைதான், ஆனால் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்துவிட்டது.

நான்காம் படி: இப்போது பாருங்கள்

இசை பழகிய பிறகு நிகழ்ச்சியைப் பார்த்தால், தெரிந்தவர் வீட்டுக்குள் போவதுபோல இருக்கும். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். தெற்கத்தி ஆங்கிலேயர்களே ஸ்காட்லாந்துத் தொடர்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள்.

முதலில் 'ஃபால்ட்டி டவர்ஸ்' பாருங்கள். 1975இலும் 1979இலும் சேர்த்து மொத்தமே 12 பகுதிகள். பேச்சு பாதி புரியாவிட்டாலும் உடம்பால் செய்யும் நகைச்சுவை புரியும். அடுத்து 'டாட்ஸ் ஆர்மி', 80 பகுதிகள். போர்க்காலத்தில் படைக்கு எடுக்கப்படாத வயசாளிகளும் இளவட்டங்களும் சேர்ந்து கடற்கரை ஊரைக் காத்த ஊர்க்காவல் படையின் கதை. அதன் முகப்புப் பாட்டு ஹிட்லரைக் கேலி செய்யும். போர்க்காலத்தில் நாங்கள் பாடிய பாட்டு அது என்று சத்தியம் செய்கிற முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது இந்தத் தொடருக்காகவே ஜிம்மி பெரியும் டெரெக் டாவர்னரும் எழுதியது. பாடியவர் மட்டும் நிஜமான போர்க்கால நட்சத்திரம், பட் ஃப்ளனகன். தொடர் 1968 ஜூலை 31 அன்று தொடங்கியது. அவர் அதே வருஷம் அக்டோபரில் இறந்தார். கடைசியாகப் பாடிப் பதிந்தது இந்தப் பாட்டுதான். முதியவர்களைத் திருத்தப் போகாதீர்கள். அந்தக் குரல் அவர்களுடைய போர்க்காலக் குரல்தான், பாட்டுதான் பிந்தி வந்தது.

எங்கே கிடைக்கும்? பிபிசி ஐபிளேயரில் கொஞ்சம் உண்டு. அதற்கு டிவி லைசென்ஸ் வேண்டும். ஐடிவிஎக்ஸ் விளம்பரத்தோடு இலவசம். 'டாக்கிங் பிக்சர்ஸ் டிவி' என்ற சேனல் பழையதை மட்டுமே போடும். கேர் ஹோமில் வேலை செய்பவர்கள் இந்தச் சேனலை முதலில் தேடி வையுங்கள். தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் செகண்ட்ஹேண்ட் கடைகளில் டிவிடிகள் சொற்ப விலைக்குக் குவிந்து கிடக்கும். லண்டன் பக்கம் போனால் தேம்ஸ் தென்கரையில் பிஎஃப்ஐ என்ற பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் கட்டிடத்தில் மீடியாதெக் என்ற பழைய படக் காட்சியறை உண்டு, பணம் கட்டாமல் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நம்மைப் போன்ற தோலை வைத்துச் சிரிக்கவைத்த நிகழ்ச்சிகள் அந்தக் காலத்தில் நிறைய. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடிய ஒன்றை பிபிசி 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. இலங்கையிலும் மலேசியாவிலும்கூட ரசித்துப் பார்த்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' ஆங்கில வகுப்பு நகைச்சுவை 1977இல் வந்தது. ஒவ்வொரு நாட்டானும் அதில் ஒரு பொம்மை. அந்த வகுப்பில் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கும், அவர் பேச வைக்கப்பட்ட சில வரிகள் பிடிக்காது. ஒரு முதியவர் இப்படிப்பட்ட ஒன்றை நினைத்துச் சிரித்தால் நீங்களும் சிரிக்க வேண்டிய கடமை இல்லை. "எனக்கு அது சிரமமாக இருக்கு, வேற போடலாமா" என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்போ உன் மாதிரி யாரும் என் பக்கத்துல உட்காரல" என்றார்.

ஐந்தாம் படி: முதியவர் பக்கத்தில் உட்காருவது

இதற்காகத்தான் இத்தனையும். முதலில் அவர் பிறந்த வருஷத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதோடு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் அவருடைய சிறுவயது நிகழ்ச்சிகள் வரும். 1950இல் பிறந்தவருக்கு 1958 அக்டோபரில் தொடங்கிய 'ப்ளூ பீட்டர்'. 1956 என்றால் 1965இல் வந்த 'தண்டர்பேர்ட்ஸ்', பேரி கிரேயின் அந்த விறுவிறு அணிவகுப்பு. 1966 என்றால் 1974இல் வந்த பூனைப் பொம்மை 'பேக்பஸ்'. கான்டர்பரி பக்கத்தில் ஒரு பழைய மாட்டுத் தொழுவத்தில் இரண்டே பேர் சேர்ந்து செய்தது, மொத்தம் 13 பகுதிகள், இன்றும் பெரியவர்களை அழவைக்கும்.

பிறகு எந்த ஊரில் வளர்ந்தார் என்று கேளுங்கள். பிபிசி எல்லாருக்கும் ஒன்றுதான், ஐடிவி வட்டாரத்துக்கு ஒரு நிறுவனமாக இருந்தது. வடமேற்கில் கிரனாடா, லண்டனில் வாரநாட்களில் தேம்ஸ். அந்த நிறுவனங்களின் முத்திரைப் படத்தோடு வரும் சில விநாடி இசையே போதும். லண்டன்காரரிடம் தேம்ஸ் முத்திரை இசையைப் போட்டுப் பாருங்கள், ஜானி ஹாக்ஸ்வொர்த் அமைத்தது. பிபிசியின் 'புரோகிராம் இண்டெக்ஸ்' என்ற இணையப் பக்கத்தில் எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அன்று என்ன ஒளிபரப்பானது என்று பழைய 'ரேடியோ டைம்ஸ்' பட்டியல் வரும். அவருடைய பத்தாவது பிறந்தநாளைப் போட்டுப் பாருங்கள்.

போடும்போது சத்தம் அளவாக இருக்கட்டும், காதுக் கருவி சரியாக இருக்கிறதா பாருங்கள். "இது என்னன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்கவே கேட்காதீர்கள். மறதி உள்ளவர்களுக்கு அது பரீட்சை. பெயர் வராது, முகம் வாடும். அதற்குப் பதில் "அப்போ டிவி வீட்டுல எங்க இருந்துச்சு?", "யாரு அந்த நல்ல நாற்காலியில உட்காருவாங்க?", "சாயங்காலம் என்ன சாப்பாடு?" என்று கேளுங்கள். அரை நிமிஷத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வர இரண்டு நிமிஷம்கூட ஆகும். சிலர் அழுவார்கள். பயப்பட வேண்டாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அது போதும். எங்கள் ஊரில் எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழாது. இங்கே பலரும் அதையே விரும்புகிறார்கள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

ஒரு வேண்டுகோள்: அவர்கள் வீட்டுப் பரணில் பழைய ஒலிநாடா இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை அதிகம் என்பதால் பிபிசி பல நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு நாடாவைத் திரும்பப் பயன்படுத்தியது. 'டாக்டர் ஹூ'வில் மட்டும் தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகளுக்குப் படம் இல்லாமல் போயிற்று. ஆனால் ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது, ஏனென்றால் அன்றைய பையன்கள் சிலர் டேப் ரெக்கார்டர் மைக்கை டிவி முன்னால் பிடித்து வீட்டிலேயே பதிந்து வைத்திருந்தார்கள். அப்படி ஏதாவது கிடைத்தால் உடனே பழைய ரெக்கார்டரில் போட்டு ஓட்டாதீர்கள், நாடா அறுந்துபோகும். பிஎஃப்ஐ போன்ற காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கண்டுபிடிக்க முடியாத மெட்டு

சில நேரம் அவர்கள் முணுமுணுப்பார்கள், உங்களுக்கு என்னவென்றே தெரியாது. என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வேலியோரம் செடி வெட்டும்போது எப்போதும் ஒன்றை இசைப்பார். மெதுவான, சோம்பலான, மணி தட்டுவதுபோன்ற மெட்டு. செல்போனில் அவர் சம்மதத்தோடு பதிந்து, பலரிடம் காட்டி, மூன்று வாரம் கழித்துக் கண்டுபிடித்தேன். 'லெஃப்ட் பேங்க் டூ'. அதுவும் அலமாரி இசைதான். காது கேளாத பிள்ளைகளுக்காக பிபிசி 1964 முதல் 1976 வரை நடத்திய 'விஷன் ஆன்' நிகழ்ச்சியில், பிள்ளைகள் அனுப்பிய ஓவியங்களை வரிசையாகக் காட்டும்போது ஒலித்தது. படங்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்று நிகழ்ச்சியில் வருத்தத்தோடு சொல்வார்கள்.

பெயரைச் சொன்னதும் கத்திரியைக் கீழே வைத்தார். அவருடைய அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம். இருவரும் சேர்ந்து ஒரு கப்பல் படம் வரைந்து அனுப்பினார்களாம். வாராவாரம் காத்திருந்தும் அது வரவில்லையாம். நான் செல்போனில் அந்த இசையைப் போட்டேன். அவர் அதை வாங்கித் தோட்டத்து மரப் பெஞ்சில் வைத்துவிட்டு, பக்கத்தில் பலகை மேல் உள்ளங்கையை அழுத்திக் காட்டினார்.

"அக்கா இப்படித்தான் கேட்பா. டிவி பெட்டியோட பக்கவாட்டுல, ஸ்பீக்கர் இருக்கற இடத்துல கைய வெச்சுக்கிட்டு."